பன்றிகளில் தடுப்பூசி பலிப்பது எவ்வாறு?

திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூர் வட்டத்தில் தொடங்கி, பெரம்பலூர், சேலம் மாவட்ட எல்லைகள் வரை பரந்து கிடப்பது பச்சைமலை. வண்ணாடு, கோம்பை நாடு, தென்பரநாடு முதலிய நாடுகளாக மலையாளி இன மக்கள் இங்கு வாழ்ந்து வருகிறார்கள். மரவள்ளி, முந்திரி, சாமை ஆகியவை மலையின் முக்கியப் பயிர்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, மரவள்ளிச் சாகுபடி பற்றிப் பேசுவதற்காக இம்மலைக்குச் சென்றிருந்தேன். பேச்சு முடிந்ததும் முதியவர் ஒருவர் எழுந்து, "சார், ஊசி போட்ட குட்டியும் செத்துது, போடாத குட்டியும் செத்துது. அப்புறம் ஊசி எதுக்கு?" என்று கேட்டார். அவர் வளர்த்த வெள்ளைப் பன்றி ஈன்ற குட்டிகளில் பெரும்பகுதி பன்றிக் காய்ச்சலால் இறந்துவிட்டன. உழவியல் படித்த எனக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. கீழே இறங்கிய பின் கால்நடை மருத்துவத் துறையைச் சேர்ந்த நண்பர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இக்கட்டுரையில் தருகிறேன். அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கான பதில், பன்றியின் உடலில் ஓடும் ஒருவகை வெள்ளணுவின் மேற்பரப்பில் இருக்கிறது.

பன்றிக் காய்ச்சல்

இது நச்சுயிரியால் வரும் கொடிய தொற்றுநோய். மனிதரைத் தாக்குவதில்லை. நச்சுயிரி உடலில் புகுந்த 2 முதல் 14 நாட்களுக்குள் அறிகுறிகள் தோன்றும். உடல் வெப்பம் 105 முதல் 107 டிகிரி பாரன்ஹீட் வரை ஏறும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். கண்களில் பீளை தள்ளும். முதலில் மலச்சிக்கலும் பிறகு கழிச்சலும் உண்டாகும். பின்னங்கால்கள் தள்ளாடும். காது மடலும் அடிவயிறும் கருஞ்சிவப்பாக மாறும். இறந்த பன்றியைப் பரிசோதித்தால் சிறுநீரகத்தின் மேல் குண்டூசி முனை அளவில் இரத்தப் புள்ளிகளும், நெறிகளின் ஓரங்களில் இரத்தக் கசிவும் காணப்படும்.

இந்நோயின் கொடுமை இதோடு நிற்பதில்லை. நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களே இதில் பெருமளவில் மடிந்து போகின்றன. வீட்டுக்குள் புகுந்த திருடன் முதலில் காவல் நாயைக் கொல்வது போன்றது இது. எனவே நோய் வந்தபின் உடல் விழித்துக்கொள்ளும் என்று காத்திருக்க முடியாது. நோய் வருமுன்பே காவற்படைக்குப் பயிற்சி கொடுத்தாக வேண்டும். அப்பயிற்சியே தடுப்பூசி.

டி அணுக்கள் என்றால் என்ன?

இரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களில் நிணவணுக்கள் ஒருவகை. இவற்றுள் பி அணு, டி அணு என இரு பெரும் பிரிவுகள் உண்டு. பி அணுக்களின் வழித்தோன்றல்கள் எதிர்ப்பொருள்களைச் சுரக்கின்றன. எதிர்ப்பொருள் இரத்தத்தில் மிதந்து, அணுக்களுக்கு வெளியே திரியும் நச்சுயிரியைப் பிடிக்கும். ஆனால் நச்சுயிரி ஓர் அணுவுக்குள் நுழைந்து ஒளிந்துகொண்டால் எதிர்ப்பொருள் அதைத் தொட முடியாது. அங்கே டி அணுவே வேலை செய்ய வேண்டும்.

டி அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் தோன்றி, தைமஸ் சுரப்பியில் முதிர்ச்சி பெறுகின்றன. குட்டிப் பன்றியில் இச்சுரப்பி கழுத்தின் இருபுறமும் நீண்டு நெஞ்சு வரை செல்லும். முதிர்ந்த டி அணு ஒவ்வொன்றின் மேற்பரப்பிலும் ஆயிரக்கணக்கான ஏற்பிகள் உள்ளன. ஏற்பி என்பது அணுவின் தோலில் பதிந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரதம். அதைப் பூட்டுக்கு ஒப்பிடலாம். ஓர் அணுவில் உள்ள எல்லா ஏற்பிகளும் ஒரே அமைப்புடையவை. ஒரேவகைச் சாவிக்கு மட்டுமே திறக்கும். அடுத்த அணுவின் பூட்டு வேறு. இப்படிக் கோடிக்கணக்கான பூட்டுகளோடு டி அணுக்கள் உடலெங்கும் சுற்றி வருகின்றன. பன்றிக் காய்ச்சல் நச்சுயிரிக்குப் பொருந்தும் பூட்டு உள்ள அணுக்கள் அவற்றில் மிகச் சிலவே. அந்தச் சில அணுக்களைக் கண்டுபிடித்து, எழுப்பி, பெருக்குவதுதான் தடுப்பூசியின் வேலை.

புகார், சாட்சி, தீர்ப்பு

ஊர்க் கூட்டத்தில் ஒருவர் புகார் சொன்ன மாத்திரத்தில் தண்டனை கொடுத்துவிடுவதில்லை. சாட்சி வேண்டும், பிறகு தீர்ப்பு வேண்டும். டி அணுவும் அவ்வாறே மூன்று சைகைகள் கிடைத்தால்தான் முறையாகச் செயல்படத் தொடங்குகிறது.

முதல் சைகை புகார். டி அணுவின் ஏற்பி, நச்சுயிரியை நேரடியாகப் பார்த்து அறிவதில்லை. தோலிலும் தசையிலும் சில அணுக்கள் கிளை விரித்தாற்போல் காத்திருக்கின்றன. இவற்றைக் 'காட்டும் அணுக்கள்' என்று இங்கு அழைப்போம். இவை நச்சுயிரியை உள்வாங்கித் துண்டு துண்டாக்குகின்றன. பிறகு அருகிலுள்ள நெறிக்கு, அதாவது நிணநீர் முடிச்சுக்குச் சென்று, அத்துண்டைத் தம் மேற்பரப்பில் உள்ள ஒருவகைப் புரதத்தில் ஏந்தி, தாம்பாளத்தில் வைத்து நீட்டுவது போல் நீட்டுகின்றன. பன்றியில் இத்தாம்பாளப் புரதத்திற்கு எஸ்.எல்.ஏ. என்று பெயர். இதில் இரண்டு வகுப்புகள் உண்டு. அணுவுக்குள்ளேயே உற்பத்தியான நச்சுயிரிப் புரதம் பெரும்பாலும் முதல் வகுப்புத் தாம்பாளத்தில் வைக்கப்படும். அதைக் காண்பவை சி.டி.8 என்ற துணை ஏற்பி உள்ள கொல்லும் டி அணுக்கள். வெளியிலிருந்து விழுங்கப்பட்ட புரதம் பெரும்பாலும் இரண்டாம் வகுப்பில் வைக்கப்படும். அதைக் காண்பவை சி.டி.4 உள்ள உதவும் டி அணுக்கள்.

துண்டும் தாம்பாளமும் சேர்ந்து இருந்தால்தான் டி அணு அடையாளம் காணும் என்பதை 1970-களில் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் எலிகளைக் கொண்டு கண்டறிந்தவர்கள் பீட்டர் டோஹர்ட்டி, ரால்ஃப் சிங்கர்நாகல் ஆகியோர். இதற்காக 1996-ஆம் ஆண்டு அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவர்களுள் டோஹர்ட்டி கால்நடை மருத்துவம் படித்தவர் என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

இரண்டாம் சைகை சாட்சி. காட்டும் அணு, ஆபத்து உண்மையானது என்று உணர்ந்தால் மட்டுமே தன் மேற்பரப்பில் சி.டி.80, சி.டி.86 என்ற புரதங்களை நிறைய வெளியே நீட்டும். டி அணுவில் உள்ள சி.டி.28 என்ற ஏற்பி இவற்றைப் பற்றிக்கொள்ளும். புகார் மட்டும் வந்து சாட்சி வராவிட்டால் டி அணு எழுவதில்லை. அதுமட்டுமன்று, பிறகு உண்மையான பகைவன் வரும்போதும் மரத்துப்போய் இருந்துவிடக்கூடும்.

மூன்றாம் சைகை தீர்ப்பு. காட்டும் அணுவும் பக்கத்து அணுக்களும் சுரக்கும் சைட்டோகைன் என்ற தூதுப் பொருள்கள், டி அணு எவ்வகை வேலையை மேற்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்கின்றன. கொல்லுவதா, பி அணுவுக்கு உதவுவதா என்பது இதைப் பொறுத்தது.

இம்மூன்றும் கூடியவுடன் டி அணுவின் உட்புறம் பரபரப்படைகிறது. ஏற்பியோடு ஒட்டியிருக்கும் சி.டி.3 என்ற புரதத் தொகுதி செய்தியை உள்ளே கடத்துகிறது. சுண்ணாம்புச் சத்து அணுவுக்குள் பாய்கிறது. அதன் தூண்டுதலால் அணுவின் கருவில் இதுவரை உறங்கிய மரபணுக்கள் வேலை தொடங்குகின்றன. அணு, இன்டர்லூக்கின்-2 என்ற வளர்ச்சிப் பொருளைத் தானே சுரந்து, அதற்கான ஏற்பியையும் தன் மேற்பரப்பில் வளர்த்துக்கொள்கிறது. பின்பு ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகி, சில நாட்களில் ஆயிரக்கணக்காகிறது. தடுப்பூசி போட்டபின் சில சமயம் நெறி கட்டுவது இப்பெருக்கத்தின் வெளித் தோற்றமே.

இவ்வாறு பெருகிய கொல்லும் அணுக்கள், நச்சுயிரி ஒளிந்திருக்கும் அணுக்களைத் தேடி அழிக்கின்றன. நல்ல உயிர்த் தடுப்பூசி போட்ட பன்றிகளில் ஏறத்தாழ ஒரு வாரத்திற்குள் பாதுகாப்பு தோன்றத் தொடங்குகிறது. எதிர்ப்பொருள் இரத்தத்தில் அளவிடத்தக்க அளவு உயர்வதோ பொதுவாக இரண்டு, மூன்று வாரங்கள் கழித்தே. இந்த இடைவெளியில் பன்றியைக் காப்பதில் டி அணுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

பன்றிக்கே உரிய சிறப்புகள்

பன்றியின் டி அணுக்களில் வேறு விலங்குகளில் எளிதில் காண முடியாத சில அம்சங்கள் உள்ளன. மனிதரின் இரத்தத்தில் சி.டி.4, சி.டி.8 ஆகிய இரண்டையும் ஒருங்கே தாங்கிய டி அணுக்கள் மிகக் குறைவு. பன்றியில் அவை கணிசமாக உண்டு. உதவும் டி அணு ஒருமுறை விழித்தெழுந்தபின் சி.டி.8-ஐயும் அணிந்துகொள்கிறது. வயது ஏற ஏற, நோய்களைச் சந்திக்கச் சந்திக்க இவ்வகை அணுக்களின் பங்கு கூடுகிறது. இவற்றில் பெரும்பாலானவை பழைய பாடத்தை நினைவில் வைத்திருக்கும் நினைவணுக்கள்.

மற்றொன்று, காமா-டெல்டா என்ற மாற்று ஏற்பி உள்ள டி அணுக்கள். மனிதரில் இவை சிறு பங்கே. இளம் பன்றியின் இரத்தத்திலோ நிணவணுக்களில் பாதி வரைகூட இவை இருக்கலாம். தாம்பாளத்தை எதிர்பாராமலே இவற்றில் பல வேலை தொடங்கும். கற்றுக்கொள்ளாத குட்டிக்கு இயற்கை கொடுத்த முதற்காவல் இது எனலாம். எனினும் பன்றிக் காய்ச்சலைத் தடுக்க இது மட்டும் போதாது.

குட்டிகள் ஏன் இறந்தன?

இனி முதியவரின் கேள்விக்கு வருவோம். அவரிடம் விசாரித்ததில் மூன்று செய்திகள் தெரிந்தன. குட்டிகளுக்கு ஒரு மாத வயதிலேயே ஊசி போடப்பட்டது. தாய்ப் பன்றி ஏற்கெனவே ஊசி போடப்பட்டது. மருந்துப் புட்டி துணிப்பையில், பனிக்கட்டி இல்லாமல், வெயில் ஏறிய பின் பேருந்தில் மலைக்கு வந்தது. இம்மூன்றையும் மேற்கூறிய விளக்கத்தோடு பொருத்திப் பார்க்கலாம்.

பன்றியின் நஞ்சுக்கொடி அமைப்பு, தாயின் எதிர்ப்பொருளைக் கருவுக்குள் விடுவதில்லை. குட்டி எதிர்ப்பொருள் இல்லாமலே பிறந்து, சீம்பாலின் மூலம் அதைப் பெறுகிறது. ஊசி போடப்பட்ட தாயின் சீம்பாலில் பன்றிக் காய்ச்சலுக்கு எதிரான பொருளும் இருக்கும். அது குட்டியின் இரத்தத்தில் சில வாரங்கள் நின்று, படிப்படியாகக் குறையும். அது நிறைய இருக்கும்போது தடுப்பூசி போட்டால், ஊசியில் உள்ள வலுவிழந்த நச்சுயிரியை அதுவே பிடித்து அழித்துவிடும். நச்சுயிரி எந்த அணுவுக்குள்ளும் நுழைந்து பெருகாது, தாம்பாளத்தில் வைக்கத் துண்டு கிடைக்காது, புகாரே எழாது. பிறகு தாய் தந்த பாதுகாப்பும் வற்றிப் போக, குட்டி வெறுங்கையோடு நிற்கும். தாயின் பாதுகாப்பு குட்டியின் கல்விக்கு இடையூறாவது இவ்வாறுதான்.

வெப்பத்தின் கேடும் இத்தகையதே. இது உயிர்த் தடுப்பூசி. அதிலுள்ள நச்சுயிரி உயிரோடு அணுவுக்குள் புகுந்தால்தான் முதல் வகுப்புத் தாம்பாளம் நிறையும். கொல்லும் டி அணு விழிக்கும். வெப்பத்தால் செத்துவிட்ட நச்சுயிரி வெறும் புரதக் கரைசல். புகார் குன்றிவிடும், ஆபத்தின் அறிகுறி இல்லாததால் சாட்சியும் வராது. கோமாரித் தடுப்பூசி போன்ற செயலிழந்த நச்சுயிரி ஊசிகளில் எண்ணெய் முதலிய துணைப்பொருள்கள் சேர்க்கப்படுவது இக்குறையை ஈடுசெய்யவே. பன்றிக் காய்ச்சல் உயிர்த் தடுப்பூசியில் அவ்வாறு சேர்ப்பதில்லை.

ஆகவே அக்குட்டிகளுக்கு ஊசி குத்தப்பட்டதே தவிர, பாடம் சென்று சேரவில்லை என்றே கருத வேண்டியுள்ளது. இன்னொரு வாய்ப்பும் உண்டு. ஊசி போடும் நாளிலேயே நோய் உள்ளே ஊறிக்கொண்டிருந்திருக்கலாம். அந்நிலையில் படை திரளுமுன் பகைவன் முந்திவிடுவான்.

தடுப்பூசியின் வரலாறு

முயல்களில் திரும்பத் திரும்பச் செலுத்தி வலுவிழக்கச் செய்த நச்சுயிரியைக் கொண்ட தடுப்பூசி, 1964-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து நம் நாட்டிற்குத் தருவிக்கப்பட்டது. இதைத் தயாரிக்க முயல்களைக் கொல்ல வேண்டியிருந்தது. ஒரு முயலிலிருந்து ஏறத்தாழ 50 பன்றிகளுக்கான மருந்தே கிடைத்ததால், தேவைக்கும் உற்பத்திக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. இசத்நகரில் உள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், நம் நாட்டு நச்சுயிரியைக் கொண்டே அணு வளர்ப்பு முறையில் புதிய உயிர்த் தடுப்பூசியை உருவாக்கியது. அது 2020-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இம்முறைக்கு முயல் தேவையில்லை.

ஒரு பூட்டுக்கு ஒரு சாவி

"பன்றிக் காய்ச்சல் ஊசி போட்டாயிற்று, இனி எக்காய்ச்சலும் வராது" என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. இது தவறு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்பது பெயரளவில் ஒத்திருந்தாலும், முற்றிலும் வேறான நச்சுயிரியால் வருவது. அதன் துண்டுகள் வேறு சாவிகள். ஆகையால் ஒரு நோய்க்கு விழித்த டி அணு மற்றதற்கு உதவாது. மேலும் இந்நச்சுயிரி, காட்டும் அணுக்களின் உறவினரான பெருவிழுங்கணுக்களையே முதலில் தாக்குகிறது.

இந்நோய் 2020-இல் அசாம், அருணாசலப் பிரதேச மாநிலங்களில் முதன்முதலாக நம் நாட்டில் கண்டறியப்பட்டது. 2022-இல் கேரளத்தின் வயநாட்டிலும், 2023 சனவரியில் நீலகிரி முதுமலைக் காட்டுப்பன்றிகளிலும் உறுதி செய்யப்பட்டது. பச்சைமலையில் மரவள்ளிக் கிழங்கைத் தோண்டித் தின்னக் காட்டுப்பன்றிகள் வருவது யாவரும் அறிந்ததே. ஆகவே வளர்ப்புப் பன்றியைக் காட்டில் அவிழ்த்துவிடாமல், வேலியுள்ள கொட்டகையில் வைத்து வளர்ப்பதே அறிவுடைமை. இறந்து கிடக்கும் காட்டுப்பன்றியைத் தொடவோ, அதன் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவரவோ கூடாது. உணவு விடுதிக் கழிவுகளைத் தீவனமாக இடுவோர் ஒரு மணி நேரம் நன்கு கொதிக்க வைத்து, ஆறியபின் இட வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. குட்டி ஈன்ற 6 மணி நேரத்திற்குள் எல்லாக் குட்டிகளும் சீம்பால் குடிக்கச் செய்ய வேண்டும். 24 மணி நேரம் கடந்தால் குடல் எதிர்ப்பொருளை உள்ளே விடாது.

2. 4-ஆம் நாளும் 14-ஆம் நாளும் கால்நடை மருத்துவர் மூலம் இரும்புச்சத்து ஊசி போட வேண்டும். சோகை பிடித்த குட்டி நோயை எதிர்க்காது.

3. தடுப்பூசிக்கு இரண்டு வாரம் முன்பே குடற்புழு நீக்க மருந்து கொடுக்க வேண்டும்.

4. பன்றிக் காய்ச்சல் தடுப்பூசியை 2 முதல் 3 மாத வயதில் போட வேண்டும். தாய் ஊசி போடப்பட்டதா, எப்போது என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூற வேண்டும். பால் மறக்கச் செய்த வாரத்திலோ, சந்தையிலிருந்து கொண்டுவந்த உடனேயோ போடலாகாது. அதிர்ச்சியுற்ற உடலில் சுரக்கும் பொருள்கள் டி அணுவின் பெருக்கத்தைத் தடுக்கும்.

5. மருந்துப் புட்டியைப் பனிக்கட்டி இட்ட குடுவையில், அதிகாலையில் மலைக்குக் கொண்டுவர வேண்டும். கரைத்த மருந்தை நிழலில் வைத்து, இரண்டு மணி நேரத்திற்குள் தீர்த்துவிட வேண்டும். மீந்ததை மறுநாளுக்கு வைக்கக் கூடாது.

6. ஊசிக் குழலைக் கொதிநீரில் சுத்தம் செய்து ஆறவிட வேண்டும். சாராயமோ கிருமிநாசினியோ குழலில் தங்கினால் மருந்திலுள்ள உயிர் செத்துவிடும்.

7. ஊசி போட்ட பன்றிகளை மூன்று வாரம் வெளிப் பன்றிகளோடு சேர்க்கலாகாது.

8. ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது மருந்தின் குறிப்பேட்டில் கண்டபடி, மீண்டும் ஊசி போட வேண்டும்.

9. நோய் அறிகுறி கண்டால் பன்றியை விற்கவோ அறுக்கவோ செய்யாமல், உடனே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். கால்நடைத் தொற்றுநோய்கள் பற்றிய 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி இது உரிமையாளரின் கடமையும் ஆகும்.

தீவனமும் காவற்படையும்

உழவியலார் என்ற முறையில் ஒரு சொல். டி அணு ஒன்று ஆயிரமாகப் பெருகப் புரதம் வேண்டும். மரவள்ளிக் கிழங்கில் மாவுச்சத்து மிகுதி. புரதமோ 2 அல்லது 3 விழுக்காடுதான். வளரும் பன்றியின் தீவனத்தில் 16 முதல் 18 விழுக்காடு புரதம் தேவை. எனவே கிழங்கைச் சீவி, நச்சுத்தன்மை நீங்க வெயிலில் நன்கு உலர்த்தி, கடலைப் பிண்ணாக்கு, தவிடு, தாது உப்பு ஆகியவற்றோடு கலந்து கொடுக்க வேண்டும். பூஞ்சாணம் பூத்த பிண்ணாக்கும் மக்காச்சோளமும் அறவே ஆகாது. அவற்றில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு ஈரலைக் கெடுப்பதோடு, டி அணுக்களின் செயலையும் குன்றச் செய்யும்.

முடிவுரை

அம்முதியவருக்கு அன்று சொல்ல முடியாததை இன்று சொல்கிறேன். ஐயா, ஊசி பொய்யன்று. ஊசி என்பது மருந்தன்று. அது பன்றியின் டி அணுக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாடம். பாடம் உயிரோடு மலையேற வேண்டும். கேட்கும் வயதில் கேட்க வேண்டும். கேட்கும் உடலில் வலு இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் செலவும் குட்டியும் வீணாகும். மலைவாழ் விவசாயப் பெருமக்கள் இவற்றை மனத்திற்கொண்டு, தடுப்பூசி போடும் நாளைக் கால்நடை மருத்துவரோடு கலந்து முன்கூட்டியே முடிவு செய்து, தங்கள் பன்றிகளைக் காத்துப் பயன் பெறுவார்களாக.